நடுங்கியது கையா, பொத்தானா?

எங்கள் மாணவர் ஒருவர் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போய், இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். 1964இல் தொடங்கிய பேட்டை அது. லேத் பட்டறைகளின் இரும்புத்தூள் வாசனை இன்னும் முழுதாகப் போகாத தெருக்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நான்கு பேர் சேர்ந்து, கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கென்று ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர், "ஐயா, அம்மா, நீங்கள் இருவரும் எனக்கு ஐந்து பேரைப் பிடித்துத் தரவேண்டும்" என்றார். பிள்ளை பிடிக்கிற வேலையோ என்று ஒரு கணம் பயந்துபோனோம்.

('நாங்கள்' என்று எழுதுவது அந்தக் காலத்துப் பத்திராதிபர்களின் மிடுக்கில் அன்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இருவரும் தமிழ் படித்தவர்கள், இருவரும் வாத்தியார்கள். இந்தக் காரியத்தில் நடந்த நல்லதிலும் கெட்டதிலும் இருவருக்கும் சம பங்கு உண்டு.)

செயலியில் எழுத்துப் பலகைக்கு மேலே ஒரு பட்டை. அதில் வரிசையாகச் சின்னஞ்சிறு பொத்தான்கள்: நகலெடு, ஒட்டு, தடித்த எழுத்து, ஒலிவாங்கி, பக்கத்தை அழி, இன்னும் சில. அன்டூ என்று எல்லாரும் சொல்வதைச் 'செயல்தவிர்' என்று தமிழாக்கியிருந்தார்கள். ஏதோ சித்தர் உபதேசம் போல இருந்தது. இந்தப் பட்டையை அவரவர் விருப்பம்போல் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் விசேஷம். ஒரு பொத்தானின்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் எல்லாப் பொத்தான்களும் குலுங்க ஆரம்பிக்கும். குலுங்குகிறபோது இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம். வேண்டாதவற்றை 'மேலும்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடலாம். வெளியிடுவதற்கு முன்னால் மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

இதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயராம். செயலியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, இன்னின்ன செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கே தயங்குகிறார், எங்கே வழி தவறுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார்கள். ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்த முறையை விளக்கி எழுதியிருக்கிறார். ஐந்து பேர் என்ற கணக்கு ஜேக்கப் நீல்சனுடையது. ஒருவரே சராசரியாக 31 விழுக்காடு குறைகளைக் காட்டிக்கொடுத்துவிடுவார், ஐந்து பேர் முடிவதற்குள் 85 விழுக்காடு வெளியே வந்துவிடும், அதற்குமேல் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருக்க நேரும் என்று 2000இல் அவர் எழுதினார். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேரோடு நிறுத்தித் திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரிடம் போவது மேல் என்பது அவர் கட்சி. பயன்படுத்துவோர் வெவ்வேறு வகையினராக இருந்தால் கூடுதலாக ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வரியை எங்கள் மாணவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சோதனைக்கு ஒரு கடுமையான விதி உண்டு. நடத்துபவர் உதவக் கூடாது. சோதிக்கப்படுவது செயலிதானே தவிர மனிதர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாக மாணவர் திணறுவதற்கு முன்பே முதல் அசையை எடுத்துக் கொடுத்துப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதை வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள்.

முதலில் வந்தவள் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழை ஆங்கில எழுத்துகளால் தட்டி, செயலி மாற்றித் தருவதை ஏற்றுக்கொண்டு, கண் இமைப்பதற்குள் பத்து வரி எழுதிவிட்டாள். பட்டையின் பக்கமே போகவில்லை. ஒலிவாங்கியை முதல் இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தாள். "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டாள். விதிப்படி நாங்கள் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் பதில் தெரியாது என்பது வேறு விஷயம்.

இரண்டாமவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாற்றி அடுக்கலாம் என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எழுதுவதை விட்டுவிட்டுக் கால் மணி நேரம் பொத்தான்களையே அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துவிட்டு ஒரு குறை சொன்னார். அவர்கள் பட்டறைச் சுவரில் ஒரு பலகை இருக்குமாம். ஒவ்வொரு ஸ்பேனரும் தொங்கவேண்டிய இடத்தில் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார்களாம். "எடுத்துட்டா அந்த இடம் காலியா இருக்கும் சார். என்ன இல்லைன்னு பார்த்த உடனே தெரியும். இதுல ஒண்ணை எடுத்தா பக்கத்துல இருக்கிறது வந்து உட்கார்ந்துக்குது. அது சரியில்லை." நாங்கள் குறித்துக்கொண்டோம். குறித்துக்கொண்டோமே தவிர, அதன் பொருள் எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் விளங்கியது.

மூன்றாமவரைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போனோம். பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கும் ஊர் அது. தமிழ்நாட்டில் பார்வையற்றவர்கள் பலருக்கு அந்த ஊர்ப் பெயரே ஒரு கல்வித் தகுதி. நாங்கள் சந்தித்த ஆசிரியை கைப்பேசியில் டாக்பேக் வைத்திருந்தார். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது படிக்கும். விரலை வலப்பக்கம் ஒரு தடவை தள்ளினால் அடுத்த பொத்தானின் பெயரைச் சொல்லும். இரட்டைத் தட்டு தட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும். பெயர் சொல்லும் அவகாசத்துக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளி, தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எண்ணிக்கைதான் அவருக்கு இடம். மாற்றி அடுக்க முடியுமா என்று கேட்டோம். அழுத்திப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பொத்தான்கள் குலுங்குவதாக எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய காதுக்கு அது எதையும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு, "நீங்க எப்படி வேணும்னாலும் அடுக்குங்க. அடுக்கினதுக்கு அப்புறம் மாத்தாதீங்க" என்றார்.

நான்காமவரான அடுத்த வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றே நிமிடத்தில் செயலியை விட்டு வெளியேறிப் பேத்தியின் படங்களை எங்களுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அறிக்கை எழுத உதவும் என்று மாணவர் சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பியிருந்தார். விடைத்தாள் திருத்தும் இரவுகளுக்கு நடுவே அவற்றையும் படித்தோம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000இல் அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளைக் கணினியே மறைத்துவைக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. எங்கள் கல்லூரிக் கணினியறையில் இருந்ததும் அதுதான். நேற்று இருந்த கட்டளை இன்று காணாமல் போகும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்டு, எக்செல் போன்றவற்றிலிருந்து அந்தப் பட்டியல்களையே எடுத்துவிட்டு வேறு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லியா ஃபைன்ட்லேட்டரும் ஜோவன்னா மெக்ரெனரும் 2004இல் மூன்று வகைப் பட்டியல்களை ஒப்பிட்டார்கள். மாறாமல் கிடப்பது, தானாக மாறுவது, பயனர் மாற்றிக்கொள்வது. தானாக மாறுவதைவிட மாறாமல் கிடப்பதில் வேலை வேகமாக நடந்தது. ஆனால் பெரும்பாலானோர் விரும்பியது தாங்களே மாற்றிக்கொள்வதைத்தான். எங்கள் மாணவரின் நிறுவனம் இந்தக் கடைசி வரியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கக் கூடும்.

எங்களை நிறுத்திவைத்தது வேறொன்று. வெண்டி மக்கே என்பவர் எம்ஐடியில் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு. மனிதர்கள் எப்போது மென்பொருளைத் தம் விருப்பப்படி மாற்றுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். புதிய பதிப்பு வரும்போது, அதைப் பழையதைப் போலவே ஆக்கிக்கொள்வதற்காக மாற்றுகிறவர்கள் பலர். புதுமை வேட்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதன் உள்ளே பழைய வீட்டுக்குத் திரும்பும் ஆசை இருக்கிறது. இதைப் படித்தபோதுதான் ஐந்தாவது ஆளாக மாஸ்டரை அழைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

மாஸ்டர் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். 1996இல் பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையில் எங்களில் ஒருவருக்குத் தமிழ்த் தட்டச்சுக் கற்பித்தார். பயிலகத்தை அவரும் அவர் மனைவியுமாக நடத்தினார்கள். காலை ஆறு மணிக்கே பத்து இயந்திரங்கள் இரையும். விசையைப் பார்த்து அடிப்பவர்களின் கைகள்மேல் அந்த அம்மாள் ஒரு துண்டை விரித்துவிடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் தாமாக வழி கண்டுபிடிக்கவேண்டும். தமிழ்த் தட்டச்சில் ஒரு வேடிக்கை உண்டு. புள்ளிக்கான விசையை அழுத்தினால் உருளை நகராது. ஆகவே மெய்யெழுத்தை அடிக்கப் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, எழுத்தை அதன்கீழ் இறக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகை அமைத்த காலத்திலிருந்து எத்தனையோ குமாஸ்தாக்களின் விரல்களில் ஊறிப்போன பழக்கம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாகப் பிரிந்தன. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் நடுவில் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அப்படியே. நன்னூலாரின் இனவெழுத்து கணினிக்குள் புகுந்த இடம் அது என்று வகுப்பில் நாங்கள் பெருமையாகச் சொல்வது வழக்கம். மாஸ்டருக்கு அதில் பெருமை இல்லை. புள்ளி முதலில் வராத தமிழை அவர் விரல்கள் ஒப்புக்கொண்டதே இல்லை.

அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. அம்மாள் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலக்கையில் பார்க்கின்சன் நடுக்கம். செயலியில் பழைய தட்டச்சு முறைப் பலகையும் இருக்கிறது என்று சொன்னதனால்தான் வந்தார். ஒப்புதல் தாளைக் கொடுத்தோம். திரையில் நடப்பதெல்லாம் பதிவாகும் என்று அதில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறோம். கையெழுத்துப் போட்டார்.

எது வேண்டுமானாலும் எழுதுங்கள் மாஸ்டர் என்றோம். மற்றவர்கள் நாலு வரியில் நிறுத்திக்கொண்டது போல அவர் நிறுத்தவில்லை. புள்ளியை முதலில் வைத்து, எழுத்தை அதன்கீழ் இறக்கி, நாற்பது நிமிடம் எழுதினார். சில வாக்கியங்களை எழுதி, நிதானமாக ஒவ்வோர் எழுத்தாக அழித்து, வேறுவிதமாக எழுதினார். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும் விதியை அவரிடம் நாங்கள் நினைவுபடுத்தவில்லை. பயிலகத்தையும் அம்மாளையும் பற்றி எழுதுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு ஒரு சொல்லைத் தவறுதலாக அழித்துவிட்டார். செயல்தவிரைத் தட்டப் போனார். ஆண்ட்ராய்டில் விரல் ஏறக்குறைய அரை நொடி ஓரிடத்தில் நின்றாலே அழுத்திப் பிடித்ததாகக் கணக்கு. நடுங்கும் கைக்கு அரை நொடி என்பது மிகக் குறைவு. நடுக்கத்தை அடக்க அவர் விரலைத் திரையில் ஊன்றித்தான் தட்டுவார். பொத்தான்கள் குலுங்க ஆரம்பித்தன. மாஸ்டர் தன் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் பொத்தான்கள் குலுங்கின. நடுங்குவது தன் விரல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டதை எதிரில் இருந்த நாங்கள் இருவரும் பார்த்தோம்.

விரலை விலக்கியபோது செயல்தவிர் இழுபட்டுப் போய் 'மேலும்' பெட்டிக்குள் விழுந்தது. பக்கத்தில் இருந்தது நகர்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அது 'பக்கத்தை அழி'. மாஸ்டர் விசையைப் பார்த்து அடிக்காதவர். பழைய இடத்திலேயே மறுபடி தட்டினார். பக்கம் வெள்ளையாகிவிட்டது. நிச்சயமாக அழிக்கலாமா என்று செயலி கேட்கவில்லை. செயல்தவிர்தான் இருக்கிறதே, எதற்குக் கேள்வி என்று அந்தக் கேள்வியை எடுத்துவிட்டிருந்தார்களாம்.

நாங்கள் பேசாமல் இருந்தோம். விதி. மேலும் பெட்டியைத் திறந்தால் போதும், இரண்டு தட்டு, எல்லாம் திரும்பி வந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். கண்டுபிடித்துவிடுவார் என்று ஒருவர் நினைக்க, விதியை மற்றவர் மீறட்டும் என்று இன்னொருவர் காத்திருக்க, அரை நிமிடம் போயிற்று. அதற்குள் மாஸ்டர் செயலியை மூடி, மேலே தள்ளி அப்புறப்படுத்தி, கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். வேலை முடிந்ததும் இயந்திரத்துக்கு உறை போடுவாரே, அந்த நேர்த்தியோடு. "கை சரியில்லை. மிஷின்மேல குத்தம் இல்லை" என்றார். வெறும் பக்கத்தைச் செயலி சேமித்துவிட்டிருந்தது. காபிகூடக் குடிக்கவில்லை.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை. யார் வாய் திறந்திருக்கவேண்டும் என்பதுதான். அது இங்கே வேண்டாம்.

பதிவு இருக்கிறதே என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. மாணவர் அதை அனுப்பிவைத்தார். நாற்பது நிமிடப் படத்தைச் சற்றுச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு இரவுகள் ஒருவர் படிக்க ஒருவர் எழுதினோம். ஏடு பெயர்த்து எழுதுவதைப் போலத்தான். அதைவிட ஒருபடி மேலே, எங்களிடம் பாடபேதங்களும் இருந்தன. எந்த வாக்கியத்தை எழுதி அழித்தார், அதற்குப் பதிலாக எதை வைத்தார் என்பதெல்லாம் தெரிந்தது. ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே.சா.வுக்குக் கிடைக்காத பாக்கியம் என்று சொல்லிக்கொண்டோம். அந்த அம்மாளின் கடைசி நாளைப் பற்றி மூன்று வரி இருந்தது. எழுதிவிட்டு அழித்திருந்தார். தமிழில் அப்படி மூன்று வரி படித்து நாளாயிற்று. அவற்றை விட எங்களுக்கு மனம் வரவில்லை. எழுதி அழித்த இடத்திலேயே சேர்த்து, பெரிய எழுத்தில் அச்செடுத்தோம்.

அறிக்கையும் எழுதினோம். மாணவரின் நிறுவனம் நல்ல நிறுவனம்தான், கேட்டுக்கொண்டது. பட்டையில் இப்போது அழுத்திப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. மாற்றி அடுக்க விரும்புகிறவர்கள் அமைப்புகளுக்குள் போய், மேலே கீழே என்ற அம்புக்குறிகளைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். டாக்பேக் ஒவ்வோர் இடத்தையும் சொல்லும். இழுத்துச் செய்யும் எந்தக் காரியத்துக்கும் இழுக்காமல் செய்ய ஒரு வழி இருக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் வெளியான வலை அணுகுமை நெறிமுறைகளின் 2.2ஆம் பதிப்பே சொல்கிறது என்பதையும் நாங்கள் எடுத்துக்காட்டினோம். ஒன்றை எடுத்தால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஆவடிக்காரரின் ஸ்பேனர் பலகை. 'பக்கத்தை அழி' பட்டையில் இல்லவே இல்லை.

அச்செடுத்ததை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். மாணவரும் திருத்திய செயலியோடு வந்திருந்தார். மாஸ்டர் முதல் பக்கத்தை வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். காற்புள்ளிக்குப் பின் நாங்கள் இடம் விடாத இரண்டு இடங்களைச் சுழித்தார். ஒற்று மிகுந்த ஓரிடத்தில் மிகாது என்றார். அவர் சொன்னதுதான் சரி. தமிழ் எம்.ஏ. இருவரும் தலையாட்டினோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றது.

"இதை நான் அழிச்சேனே."

சொன்னோம். திரை முழுவதும் பதிவாகியிருந்தது, அழித்ததும் அதில் இருந்தது, வரிகள் நன்றாக இருந்தன, அதனால்… வாக்கியம் முடியவில்லை. ஒப்புதல் தாளில் எழுதியிருந்தது என்று மாணவர் மெல்லச் சொன்னார். மாஸ்டர் அவர் பக்கம் திரும்பவில்லை.

அந்த மூன்று வரிகளின்மேல் ஒரு கோடு போட்டார். கை நடுங்கியதால் கோடு அலைந்தது. நிறுத்தி, மேலே இன்னொன்று. பிறகு மாணவரிடம், "தம்பி, அந்தப் படம் எங்கே இருக்கு?" என்றார். மாணவர் தன் கைப்பேசியிலும் அலுவலகச் சேமிப்பிலும் இருப்பதாகச் சொன்னார். எங்கள் கணினியிலும் ஒரு படி இருப்பதை நாங்கள் சொன்னோம். முதல் இரண்டையும் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மாணவர் ஒவ்வொன்றாக அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போனதையும் திறந்து காட்டி அழித்தார். எங்களுடையதை வீட்டுக்குப் போனதும் அழித்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டோம்.

"ஆச்சு மாஸ்டர். அழிச்சிட்டோம்."

"செயல்தவிர் கிடையாதே இதுக்கு?"

"கிடையாது மாஸ்டர்."

"சரி" என்றார். "ஞாயித்துக்கிழமை வரேன். அந்தப் பலகையில புள்ளி இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்னு அந்தப் பையன்கிட்ட சொல்லி வைங்க."